பாதை திறந்திருக்கிறது

ஒக்டோபர் 4

இவர் இன்றைக்குத் தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால் தானே பிடிப்பேன் என்று அடம்பிடித்துப் போர்வை முழுக்க ஊற்றிக்கொண்டார். பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்து ஒரு வருஷமாகிறது, கலியாணம் கட்டிய நாளிலிருந்து உள்ள அடம் மட்டும் குறையவில்லை. போர்வையை ஊறப்போட்டுவிட்டு ஓடினேன். ட்ராம் போய்விட்டது.

வானொலி நிலையத்தில் மார்ட்டின் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். ஆசியப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். தமிழ்ச் சேவை என்றால் நானும் ஆவுடையப்பனும்தான். திருநெல்வேலிக்காரரான அவர் மொழிபெயர்ப்பார், நான் வாசிப்பேன். இங்கே மத்தியானம் நாங்கள் சிற்றலையில் பேசுவது அங்கே ஊரில் பின்னேரம் போய்ச் சேரும். அங்கே பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்கிறார்களாம். ஒருவர் சுற்ற, அந்த ஒழுங்கையே சுற்றி நின்று கேட்குமாம்.

“நேசமலர், உங்கள் நாட்டில் சண்டைபிடிக்கும் இரண்டு பக்கத்தையும் பேச வைப்பதில் எங்கள் அரசாங்கம் இறங்கியிருக்கிறது, தெரியும்தானே. இந்த வானொலி வாய் திறந்தால் அரசாங்கமே பேசுகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இனிமேல் காலையில் வெளிநாட்டமைச்சிலிருந்து ஒருவர் தொலைபேசியில் ஆலோசனை சொல்வார்” என்றார் மார்ட்டின். நல்ல மனிதர். சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் ஆவுடையப்பன் சொன்னார்: “மேடம், ஆலோசனைதானேன்னு நினைச்சிராதீங்க. கேட்டாத்தான் நமக்கு இங்க வேலை.”

போர்வையில் கறை போகவில்லை.

ஒக்டோபர் 11

இன்றைய ஆலோசனை கடல்நீரேரிப் பயணத்தைப் பற்றியது. வடக்கில் இருந்து தெற்கே வர மக்களுக்கு அந்தப் படகுத்துறை ஒன்றுதான் வழி. பேச்சுவார்த்தையின் முதல் பலனாக அது திறக்கப்பட்டுவிட்டது என்று அமைச்சு சொல்கிறது. ஆவுடையப்பனின் தமிழ் இப்படி இருந்தது: “வடபகுதிக்கான பாதை திறந்திருக்கிறது. பொதுமக்கள் அச்சமின்றிப் பயணம் செய்கிறார்கள்.”

“ஆர் பார்த்தது?” என்று கேட்டேன்.

“அமைச்சுல சொல்லுதாங்க.”

“அவை அங்க நிக்கினமோ?”

“மேடம், அவங்க அனுப்புனதைத்தான் நான் தமிழ்ல எழுதுதேன். நான் எழுதினதைத்தான் நீங்க வாசிக்கீங்க. நமக்கு மேல எத்தனையோ பேர் இருக்காங்க.”

வாசித்தேன். தொண்டை நல்ல தெளிவாக இருந்தது. ‘அச்சமின்றி’ என்ற இடத்தில் குரலைக் கொஞ்சம் இறக்கி நிதானமாகச் சொன்னேன். அது பழக்கம். பிரச்சினையான சொல்லை நிதானமாகச் சொன்னால் கேட்கிறவர் நம்புவார்.

எங்கள் நிலையத்தில் வாசிப்பவரின் பெயர் சொல்வதில்லை. அது ஒருவிதத்தில் நல்லது.

ஒக்டோபர் 12

ஆஸ்பத்திரியில் இவருக்கு மருந்துக் குளிசையை மாற்றியிருக்கிறார்கள். பகலிலும் நித்திரைதான்.

ஒக்டோபர் 27

கடல்நீரேரியில் படகுகளைச் சுட்டுவிட்டார்களாம். பாரிஸிலிருந்து என் மச்சாள் தொலைபேசி எடுத்தாள். “எத்தினை பேரெண்டு தெரியாது, நேசமலர். பிள்ளையளும் இருந்ததாம். பாதை திறந்தாச்சு எண்டு நம்பிக் கனபேர் வெளிக்கிட்டதாம்.” என்னுடைய வானொலியைக் கேட்டுத்தான் என்று அவள் சொல்லவில்லை. வேறு வானொலிகளும் அப்படித்தான் சொல்லியிருக்கும்.

மார்ட்டினிடம் போனேன். அவர் அமைச்சோடு நெடுநேரம் கதைத்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவர் தலை ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து, “உறுதிப்படுத்தப்படவில்லை. உறுதிப்படுத்தினால் போடுவோம்” என்றார்.

இன்றைக்கு வாசித்தது: கோதுமை உற்பத்தி, இந்த நாட்டு வெளிநாட்டமைச்சரின் ஆசியப் பயணம், ஒரு பாலம் திறப்பு.

ஒக்டோபர் 30

உறுதிப்படுத்தவில்லை.

நவம்பர் 18

பனி. குசினி யன்னல் மூட வரவில்லை. பழைய துணியை இடையில் திணித்து வைத்தேன். இவர் சொன்னார், “மலர், நீ முந்தி வந்தவுடன எனக்கு முழுச் செய்தியும் சொல்லுவாய். இப்ப சொல்லுறேல்லை.”

“செய்தி ஒண்டும் இல்லையப்பா.”

“இவ்வளவு பெரிய உலகத்திலயோ?”

இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு அவித்தேன். இவருக்கு மா கட்டியாகிவிட்டது என்று குறை.

டிசம்பர் 9

அகதிகள் கந்தோரில் தஞ்சம் கேட்பவர்களின் விசாரணையில் மொழிபெயர்க்க வழமையாக வருகிறவருக்குச் சுகமில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். முன்பும் போயிருக்கிறேன். நிலையத்தில் விடுமுறை எடுத்துக்கொண்டு போனேன்.

விண்ணப்பக்காரன் தவயோகன். முப்பத்தைந்து வயது மதிக்கலாம். ஊரில் படகு எஞ்சின் திருத்துகிறவன். போன வருஷம் இங்கே வந்தவன், மனைவி அங்கேயே. நான் வணக்கம் சொல்லி உட்கார்ந்ததும் நிமிர்ந்து பார்த்தான். பிறகு நான் வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டான்.

அதிகாரி மரியாதையான பெண். முதலில் ஊர், தொழில், தடுத்து வைத்து அடித்த விபரம். காயங்களைக் காட்டச் சொன்னார். காட்டினான். அதற்குப் பிறகு அவர் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். உங்கள் மொழியிலேயே ஒலிபரப்பாகும் நம்பகமான செய்தியின்படி, ஒக்டோபரிலிருந்து வடபகுதிக்கான பாதை திறந்திருக்கிறது, பொதுமக்கள் அச்சமின்றிப் பயணம் செய்கிறார்கள். அப்படியானால் நீங்கள் திரும்பிப் போவதில் என்ன ஆபத்து?

அமைச்சு சொன்னதை நாங்கள் சொன்னோம். நாங்கள் சொன்னதை இன்னொரு கந்தோர் ஆதாரம் என்கிறது. எல்லாம் ஒரே அரசாங்கம்.

அந்த வசனத்தை நான் தமிழில் சொல்லவேண்டும். வேறு சொற்கள் தேடினேன், வரவில்லை. அதே சொற்கள்தான் வந்தன, அதே ஒழுங்கில்.

“அக்கா, இது நீங்கள் வாசிச்சது” என்றான்.

அதிகாரி என்னைப் பார்த்தார். “என்ன சொல்கிறார்?”

“அந்தச் செய்தியைத் தானும் அறிந்திருப்பதாகச் சொல்கிறார்” என்றேன்.

சுருக்கித்தான் சொன்னேன். மொழிபெயர்ப்பில் சுருக்குவது உண்டு.

அவன் விடவில்லை. “என்ர மனிசி மங்களேஸ்வரி செஞ்சிலுவை மூலமா எனக்கு ஒரு துண்டுக் கடிதம் அனுப்பினவள். ‘பாதை திறந்திட்டுது எண்டு றேடியோவில அந்த அக்கா சொல்லிப்போட்டா, நான் கொழும்புக்கு வந்து உங்களோட ஃபோனில கதைக்கிறன்’ எண்டு. அதுக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. படகைச் சுட்டது எண்டு சனம் கதைக்குது. அவள் அந்தப் படகில இருந்தவளோ? உங்களுக்குத் தெரியுமோ அக்கா? நீங்கள் செய்திக்காரர் தானே?”

அவருடைய மனைவி அந்தப் பாதையில் பயணம் செய்யப் புறப்பட்டார், அதன் பிறகு தகவல் இல்லை என்று அதிகாரிக்குச் சொன்னேன். அது சரியான மொழிபெயர்ப்பு. ‘அந்த அக்கா’ என்பதை விட்டுவிட்டேன். அந்தச் செய்தி எங்கேயிருந்து வந்தது என்பதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

டிசம்பர் 10

தடிமன், தும்மல். வேலைக்குப் போகவில்லை.

டிசம்பர் 14

ஆவுடையப்பனிடம் கன்ரீனில் வைத்துச் சொன்னேன். சூப்பைக் கிண்டிக்கொண்டே கேட்டார். குடிக்கவில்லை.

“நீங்க அங்க எந்திரிச்சு, இது நான் வாசிச்சது, அமைச்சு குடுத்ததுன்னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைக்கீங்க?”

“அந்த ஆதாரம் உடைஞ்சிருக்கும்.”

“நீங்க உடைஞ்சிருப்பீங்க. சாருக்கு ஆஸ்பத்திரி, வீடு எல்லாம் இந்த வேலையை நம்பித்தான இருக்கு? எனக்கும் ரெண்டு பொண்ணு காலேஜ்ல இருக்கு. பேசாம இருங்க மேடம்.” கொஞ்சம் பொறுத்து, “எனக்கும் தூக்கம் வரலைதான்” என்றார்.

இவருக்கும் சொன்னேன். இவர் ஊரில் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். “நீ வாய் திறக்காததுக்கு என்னை ஒரு சாட்டாப் பிடிக்காதை” என்றார். அவ்வளவுதான். நான் அப்படி ஒன்றும் பிடிக்கவில்லை.

ஜனவரி 8

தவயோகனின் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். மேன்முறையீட்டுக்கு இடம் இருக்கிறதாம். இன்றைக்கு அவன் தங்கியிருக்கும் விடுதிக்குப் போனேன். ஒரு அறையில் நாலு கட்டில். கயிறு கட்டி உடுப்புக் காயப்போட்டிருந்தது. அவன் கட்டிலில் இடம் ஒதுக்கித் தந்தான்.

“தம்பி, நான் வந்து சாட்சி சொல்லுறன். அந்தச் செய்தி எப்பிடி வந்தது எண்டு சொல்லுறன்” என்றேன். சொல்லும்போதே நெஞ்சு லேசானது போல இருந்தது. வேலை போனாலும் போகட்டும் என்று முடிவெடுத்துத்தான் வந்தேன்.

“வேண்டாம் அக்கா. நான் போறன். மேன்முறையீடு வேண்டாம் எண்டு எழுதிக் குடுத்திட்டன்.”

“ஏன்?”

“இஞ்ச இருந்து என்ன செய்ய? அவளைத் தேட வேணும். ஆசுப்பத்திரியள், முகாமுகள் எல்லாம் போய்ப் பாக்க வேணும். செத்திட்டாள் எண்டாலும் ஆரும் ஒராள் வாயால சொல்லக் கேக்க வேணும்.”

“உன்னைப் பிடிப்பாங்கள்.”

“தானா வந்தவனைப் பிடிக்க மாட்டினம் எண்டு அந்தக் கந்தோரில சொன்னவை. இந்த நாட்டு அரசாங்கம் எங்கட பேரைக் குடுத்து அனுப்புமாம்.”

வரும் வழியில் பால் வாங்க மறந்துவிட்டேன். திரும்பிப் போய் வாங்கினேன்.

ஜனவரி 15

தானாக ஊர் திரும்புகிறவர்களின் முதற்குழு அடுத்த வாரம் புறப்படுகிறது. அமைச்சுக்கு இது பெரிய விஷயம். குழுவில் ஒருவரைப் பேட்டி கண்டு தமிழில் ஒலிபரப்ப வேண்டும் என்று ஆலோசனை வந்திருக்கிறது. அதைக் கேட்டு இங்கேயுள்ள மற்றவர்களும் பெயர் கொடுப்பார்கள், அங்கேயும் இந்த அரசாங்கத்தின்மேல் நம்பிக்கை வளரும்.

மார்ட்டினிடம் பெயர்ப்பட்டியல் இருந்தது. “எஞ்சின் திருத்துபவர் ஒருவர் இருக்கிறாரே” என்றார். “சாதாரண உழைப்பாளி. நல்லது.”

கலையகத்தை எந்த நாளுக்கு ஒதுக்குவது என்று மட்டும் கேட்டேன்.

ஜனவரி 20

தவயோகன் கலையகத்துக்கு வந்தான். இரவல் கோட்டு, கை நீளம் போதாது. ஒலிவாங்கியைக் கையால் தொட்டுப் பார்த்தான். “இதுக்குள்ளதானோ கதைக்கிறனீங்கள்? நான் அங்க எத்தினை நாள் பெடல் சுத்தினனான்” என்று சிரித்தான். அவன் சிரித்து இன்றைக்குத்தான் பார்த்தேன்.

பதிவுக்கு முன் சொன்னான்: “அக்கா, அவை கேக்கிறதை எல்லாம் சொல்லுறன். நல்லாப் பாத்தினம், சந்தோசமாப் போறன், எல்லாம் சொல்லுறன். எனக்கு ஒண்டே ஒண்டு செய்யுங்கோ. அவளின்ர பேர் றேடியோவில வரவேணும். மங்களேஸ்வரி, நான் வாறன் எண்டு. உயிரோட இருந்தாள் எண்டா கேப்பாள். அது மட்டும் காணும்.”

“வரும்” என்றேன். “பேரை மட்டுமில்லை, தம்பி. மனசில உள்ளதைச் சொல்லு. ஒண்டையும் விடாதை.”

ஏன் அப்படிச் சொன்னேன்? அவனுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

சொன்னான். முதலில் தயங்கி, பிறகு தடையில்லாமல். பாதை திறந்தது என்ற செய்தியைக் கேட்டு மனைவி புறப்பட்டது, படகுகளைச் சுட்டது. கடைசியில், “சுட்டது ஆரெண்டு அந்தக் கரையில எல்லாருக்கும் தெரியும். நான் போய் ஒவ்வொருத்தரிட்டயும் கேப்பன். அவையின்ர பேரைக் கொண்டந்து உலகத்துக்குச் சொல்லுவன்” என்றான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர், தமிழ் தெரியாத பையன், ஒலியளவு நன்றாக இருக்கிறது என்று கையால் காட்டினான்.

ஜனவரி 22

பேட்டியின் மொழிபெயர்ப்பை மார்ட்டின் வாசித்தார். நீல மையால் மூன்று இடத்தில் கோடு போட்டார். செய்தியைக் கேட்டுப் புறப்பட்டது, படகுகளைச் சுட்டது, கரையில் எல்லாருக்கும் தெரியும் என்றது. மனைவியின் பெயரையும் வெட்டச் சொன்னார். பெயர் வந்தால் ஏன் தேடுகிறார் என்ற கேள்வி வரும்.

“பேரை மட்டுமாவது விடுங்கள்” என்றேன்.

“கேட்டுப் பார்க்கிறேன்” என்று தொலைபேசி எடுத்தார். வைத்துவிட்டு, “மன்னியுங்கள்” என்றார்.

ஒலிநாடாவை வெட்டி ஒட்டுவது என் வேலை. பிளேட், ஒட்டு நாடா, மெழுகுப் பென்சில். அறையைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பெயரை வெட்டமுடியாது, அது தெரியும். வாக்குக் கொடுத்துவிட்டேன். மற்றதை வெட்டியிருக்கலாம். பிளேட்டைக் கையில் எடுக்கவும் செய்தேன். அவனுடைய குரல் ஓடிக்கொண்டிருந்தது. “அந்தச் செய்தியைக் கேட்டுத்தான் அவள் வெளிக்கிட்டவள்.” ஒக்டோபரிலிருந்து நான் சொல்லாமல் விட்டது அத்தனையையும் அவன் என் கலையகத்தில் இருந்து, என் ஒலிவாங்கியில், எனக்காகச் சொல்கிறான். எப்படி வெட்டுவது?

ஒன்றையும் வெட்டவில்லை. வெட்டிய பிரதி என்று முழு நாடாவையும் ஒலிபரப்புக்குக் கொடுத்தேன். மார்ட்டினுக்குத் தமிழ் தெரியாது. ஆவுடையப்பன் கேட்டுக்கொண்டிருந்தார். பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார். ஒலிபரப்பை நிறுத்தச் சொல்லி யாரையும் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து இவருக்குச் செய்தி முழுவதும் சொன்னேன். பசித்தது. நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜனவரி 23

குழுவின் விமானம் காலையில் புறப்பட்டுவிட்டது. பகல் முழுவதும் மனம் தெளிவாக இருந்தது.

ஜனவரி 24

கொழும்பிலுள்ள இந்த நாட்டுத் தூதரகத்தில் ஒலிபரப்பைக் கேட்டிருக்கிறார்கள். கேட்டது அவர்கள் மட்டுமல்ல. மார்ட்டின் என்னை உட்காரச் சொன்னார். வேலை முடிந்தது என்பதை ஒரே வசனத்தில் சொல்லிவிட்டார். அதற்கு நான் ஆயத்தமாக இருந்தேன். அடுத்ததற்கு இல்லை.

“விமான நிலையத்திலேயே அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மற்றவர்களை விட்டுவிட்டார்கள். அவரை மட்டும்” என்றார். “சுட்டவர்கள் பெயரைச் சேகரிக்கப் போவதாக அவர் சொன்னாராமே.”

“இப்போது எங்கே வைத்திருக்கிறார்கள்?” என்றேன்.

“அமைச்சு விசாரிக்கிறது. பதில் வர நாளாகும்.” பேனாவை மூடினார், திறந்தார். “நேசமலர், பேரை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தால் நான் கண்டும் காணாமல் இருந்திருப்பேன். அவர் கேட்டதும் அதை மட்டும்தான் என்று ஒலிப்பதிவாளர் பையனுக்கே விளங்கியிருக்கிறதே. அந்தப் பேரைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம்.”

மேசையை ஒதுக்கினேன். ஒரு சால்வை, ஒரு கோப்பை, இருமல் இனிப்பு. ஆவுடையப்பன் ட்ராம் தரிப்பு வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“நல்லதுன்னு நினைச்சுத்தான செஞ்சீங்க” என்றார்.

“ஓம்” என்றேன். ஆருக்கு நல்லது என்று அவர் கேட்கவில்லை.

பெப்ரவரி 11

அமைச்சுக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண், தூதரகம் விசாரிக்கிறது என்றாள். அகதிகள் கந்தோருக்குப் போனேன். தானாகத் திரும்பியவர்கள் தங்கள் பொறுப்பில் இல்லை என்றார்கள். செஞ்சிலுவையில் பெயர் எழுதிக்கொண்டார்கள். கணவன் பெயர், மனைவி பெயர் இரண்டையும் கேட்டார்கள். இரண்டு பேரையும் தேடவேண்டுமா என்று கேட்டாள் மேசையில் இருந்த பிள்ளை. ஓம் என்றேன்.

இப்போது ஆவுடையப்பனே வாசிக்கிறார். இவர் றேடியோவைப் போடச் சொன்னார். “வடக்கில் இயல்பு நிலை” என்று அவர் தொடங்கியதும் இவரே கையை நீட்டி நிறுத்திவிட்டார். அந்த இடது கையால்தான். நான் அதைப் பார்த்தும் சந்தோஷப்பட முடியவில்லை.

பெப்ரவரி 26

வயது போனவர்களைக் குளிப்பாட்டும் வேலை கிடைத்திருக்கிறது. கதைக்கத் தேவையில்லை.

மார்ச் 7

காலையில் ஆவுடையப்பன் தொலைபேசியில் கூப்பிட்டார். “மேடம், ஸ்டேஷனுக்கு ஒரு ஃபோன் வந்துச்சு. வவுனியாவுல இருந்து. ஒரு பொம்பளை. நான் உங்க நம்பரைக் குடுத்துட்டேன். என்னால பேச முடியல.”

“ஆர்?”

“மங்களேஸ்வரின்னு சொன்னாங்க.”

இவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். கோப்பையை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. தொலைபேசிக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்திருந்தேன். அடித்தது.

இரைச்சலுக்குள் மெல்லிய குரல். “அக்காவோ? செய்தி வாசிக்கிற அக்காவோ?”

“ஓம் பிள்ளை. நான்தான்.”

“குரல் தெரியுது அக்கா.” அழுகிறாள் என்று நினைத்தேன், மூச்சு வாங்குகிறாள். படகைச் சுட்டதில் தொடையில் காயம். கடலில் பை போய்விட்டது, அவனுடைய விலாசமும் அதோடு போய்விட்டது. ஆஸ்பத்திரி, பிறகு முகாம். வெளியே விடவில்லை. முந்தாநாள்தான் ஃபோன் எடுக்க விட்டார்களாம். “முகாமில ஒராளிட்ட றேடியோ இருந்தது. இவரின்ர குரல் கேட்டது. என்ர பேரைச் சொன்னவர். நான் வாறன் எண்டு சொன்னவர். முகாமே கேட்டது அக்கா. அண்டையில இருந்து ஒவ்வொரு நாளும் வாசலில போய் நிக்கிறன். அவர் எங்க? இன்னும் வெளிக்கிடேல்லையோ?”

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன். அவள், “அக்கா? லைன் இருக்கோ?” என்றாள்.

“வெளிக்கிட்டவர், பிள்ளை. வந்து இறங்கினவர். எயார்ப்போட்டில பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்.”

இரைச்சல் மட்டும். பின்னால் யாரோ நேரம் முடிந்துவிட்டது என்று அவளை அவசரப்படுத்துவது கேட்டது.

“பிடிச்சவங்கள் எண்டால்,” என்றாள், ஒவ்வொரு சொல்லாக, “அப்ப ஆள் உயிரோட இருக்கிறார். என்ன அக்கா?”

இவர் கட்டிலில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓம்” என்றேன். நிதானமாக, தெளிவாகச் சொன்னேன். எனக்குத் தெரியாது.